வாய்க்கரிசிக்கு அனுமதி இல்லை

அப்பாவின் வாயைத் திறந்து காட்டச் சொன்னார் கான்ஸ்டபிள் அந்தோணிதாஸ்.

பாடையை ரப்பர் தோட்டத்து வேலிக் கதவருகே இறக்கினோம். மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம், ஒரு மணி அரிசிகூட வேலி தாண்டக் கூடாது. கலும்பாங் இடுகாடோ வேலிக்கு அப்பால், காட்டை ஒட்டி.

வாயில் ஒன்றுமில்லை. என் மடியில்தான் இருந்தது, அரிசி அளக்கும் ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி வாங்கிய மூன்று பிடி வாய்க்கரிசி. அதைப் பறித்துக்கொண்டார்.

“இங்கயே போட்டுட்டுத் தூக்கிட்டுப் போறோம்லா, அண்ணே.”

“போட்டாலும் வாயோட வெளிய போகுமே, தம்பி. பொங்கின சோறுன்னா போகலாம். நாளைக்கே ஊசிப்போயிடும். சட்டம் அப்படி.”

பொங்கின சோறு தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு. வீட்டில் உலை வைக்கத் தடை வந்ததிலிருந்து எல்லாருக்கும் ஒரே அண்டா. அதில் சமைக்கத் துரை வைத்தது, மேல் லயத்து வீட்டுக்காரர்கள் சாதி பார்த்துப் படியேற விடாத கீழ் லயத்து வள்ளியம்மாவை.

முதல் நாள் மேல் லயத்தில் ஒருவரும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கோயில் பூசாரியே தட்டோடு முன்னால் நின்றார். நான் இரண்டாம் நாளே போய்விட்டேன், அப்பாவுக்குத் தெரியாமல்.

அப்பா மட்டும் அசையவில்லை. ஆட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமி அல்லவா அவர்! நான்கு மாதம் மரவள்ளிக்கிழங்கிலேயே ஓட்டினார். கொஞ்சம்கூட இளைக்கவில்லை. மன உறுதி என்று எல்லாரும் மெச்சினார்கள்.

காய்ச்சலில் கிடந்தபோதும் என் கையைப் பிடித்து, செத்தாலும் அவள் கைச் சோறு தன் வாயில் படக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இப்போது அவரை வெறும் வாயோடு அனுப்புவதா, சத்தியத்தை மீறுவதா?

கூட்டம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. தினமும் அந்த அண்டாவில் தின்பவர்கள்தான் கூடாது என்று அதிகம் கத்தினார்கள். வெயில் ஏறியது. அந்தோணிதாஸ் அப்பாவுக்குக் குடை பிடித்தார். எனக்கு அழுகையாக வந்தது.

யார் சொன்னார்களோ, வள்ளியம்மா வந்துவிட்டாள். வாழையிலையில் ஒரு பிடி சோறு.

“வாங்கிக்குங்க, தம்பி. உப்புப் போடல. மண்டோருக்கு உப்பு ஆகாதுன்னு எப்பவும் தனியாத்தான் எடுத்து வைப்பேன்.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் இலையை வாங்கி அப்பாவின் வாயில் சோற்றை வைத்தேன்.

எல்லார் முன்னாலும் அவர் அதைச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.