வயசுக்கேத்த சேமிப்பு

"வயசு அம்பத்திரண்டுதானே?"

"ஆமாங்க, போன மாசம்தான் முடிஞ்சது," என்றார் லிஃப்ட் மெக்கானிக். மனைவி இறந்தபின் ஒன்பது வருடம் தனியாகவே காலம் தள்ளியவர். மகளின் நச்சரிப்பு தாங்காமல் வரன் பார்க்கும் தளத்தில் பதிந்து, இந்தக் காபிக் கடை வரை வந்துவிட்டார்.

எதிரே இருந்த பெண்மணிக்கு ஐம்பது என்று தளத்தில் போட்டிருந்தது. பென்ஷன் நிதி ஆபீஸில் இருந்தாராம். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறதாம். கலகலவென்று சிரித்தார். மெக்கானிக்குக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று.

"பென்ஷன் நிதியில உங்களுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கு?"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. காபிகூட ஆறவில்லை, அதற்குள் பணமா? ஆனாலும் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஏழு வருஷச் சம்பளம் தேறும்," என்றார்.

பெண்மணி கோப்பையைக் கீழே வைத்தார். "முப்பது வயசுல ஒரு வருஷச் சம்பளம் சேர்ந்தாலே பெரிசு. நாற்பதுல வீட்டுக் கடன், பிள்ளைங்க படிப்புன்னு நொண்டியடிக்கும். அம்பது தாண்டித்தான் வட்டி குட்டி போட்டுக் கிடுகிடுன்னு ஏறும்."

"அதான் ஏறியிருக்கு."

"எத்தனை பேர் கணக்கைப் பார்த்திருக்கேன்! அம்பத்திரண்டுல நாலு வருஷச் சம்பளம் இருந்தாலே அதிசயம். ஒண்ணு, நீங்க கொள்ளையடிச்சிருக்கணும். இல்லேன்னா வயசுல அடிச்சிருக்கணும்."

மெக்கானிக்கின் காது சிவந்தது. ஆளோடு லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொண்டு நின்ற நாட்களில்கூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை.

"அம்பத்தெட்டுங்க," என்றார் மேசையைப் பார்த்து. "உண்மையைப் போட்டப்ப ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. மன்னிச்சிடுங்க." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அட, உட்காருங்க! நமக்குள்ள ரெண்டே ரெண்டு வயசுதான் வித்தியாசம். இதெல்லாம் ஒரு விஷயமா?"

ரெண்டா? மனக்கணக்குப் போட்டதும் மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "அப்ப உங்களுக்கு அம்பத்தாறா? நீங்களும் குறைச்சுத்தான் போட்டீங்களா!"

பெண்மணி மெதுவாகத் தலையாட்டினார். "கீழ இறங்காதீங்க, மேல போங்க."

மெக்கானிக் விழித்தார்.

"அக்கான்னு மட்டும் கூப்பிட்டுடாதீங்க!"