கயிற்றுக்கு அந்தப் பக்கம்

வெளிநாட்டு வியாபாரிகளின் மாநாட்டுக்காகத் தாராவி ரோட்டை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். ஜனங்களைத் தமிழில் விரட்டுவதற்கென்றே, கையில் பட்டை கட்டிய தொண்டன் கணேசபாண்டியனை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

பேராச்சி இரண்டு அண்டாக்களை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பாஸ் இருக்கா?"

"என்ன பாஸு? அந்தப் பக்கம் சோறு கொண்டு போகணும்லே. மாநாட்டு சேட்டு சொல்லித்தான்..."

"சேட்டாவது கீட்டாவது! பாஸ் இல்லாம ஒரு ஈ தாண்டக் கூடாது. தொரைமாரு கார்ல போற நேரம். ஒங்க நாத்தம் அவுக மூக்குல ஏறணுமாக்கும்?"

"நீயும் இந்தச் சந்துலதாம்ல பொறந்தே."

"வாய மூடு! சல், ஹட்!" என்று இந்தியில் விரட்டி, கையிலிருந்த தடியால் வண்டிச் சக்கரத்தில் ஓங்கி அடித்தான்.

பேராச்சி வண்டியைத் திருப்பினாள். வேலைக்குப் போக முடியாமல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற கூட்டத்தை உட்காரவைத்து, இலை போட்டுப் பரிமாறத் தொடங்கினாள்.

மணி இரண்டாயிற்று. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத கணேசபாண்டியன், சைக்கிளில் வந்த தொண்டர் தலைவரிடம் கத்தினான்.

"எங்களுக்குச் சாப்பாடு எங்கய்யா?"

"அதைத்தான் நானும் தேடுறேன். அம்பது தொண்டருக்கும் பேராச்சின்னு ஒரு பொம்பள பொங்கிக் கொண்டாரணும். இன்னும் ஆளைக் காணோம்."

கணேசபாண்டியன் மெல்லத் திரும்பினான். அவள் இரண்டாவது அண்டாவின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து, இந்தப் பக்கம் வந்தான்.

"யக்கா... ஒரு கை சோறு..."

பேராச்சி கரண்டியைக் குறுக்கே நீட்டினாள்.

"பாஸ் இருக்கால?"