இஸ்ஹாக்கின் மிளகாய்ப் பாத்தி

அஸர் தொழுகை நேரத்துப் பின்னேர வெயில் வீட்டு வளவுக்குள் மஞ்சளாய்ச் சாய்கிறது. உப்பள வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்ட இஸ்ஹாக், மிளகாய்க் கன்று நடக் கட்டிய பாத்தியை, உப்புப் பாத்தியைத் தண்ணீர் இறங்காதபடி மிதித்துப் பழகிய காலால் இறுக்கி வைத்திருக்கிறார். ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் கண்ணாடியாய் மினுங்குகிறது. “இஞ்ச பாருங்க, இதுல உப்புத்தான் விளையும்,” என்று சிரிக்கிறாள் மனைவி மர்ளியா. “அப்ப நாளைக்கு அளத்துக்கே திரும்பிப் போறன் புள்ள.” அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது. உப்புத்தண்ணீர் தின்ற அந்தப் பாதங்களுக்கு நாளும் எண்ணெய் தடவுகிறவள் அவள்தானே. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கி, மண்வெட்டியை அவர் கையில் திணிக்கிறாள். “அளமும் இல்ல, கிளமும் இல்ல. இனி நான்தான் கங்காணி. கொத்துங்க.” சேறு தெறிக்க முதல் கொத்தைப் போட்டபடி அவர் கேட்கிறார்: “தேத்தண்ணிக்கு எத்தின மணிக்கு விடுவீங்க, கங்காணி?”