இடது முன்சக்கரம்

“இப்ப கேட்டுச்சா மாஸ்டர்?”

மூன்றாவது வேகத்தடையையும் ஏறி இறங்கியாயிற்று. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் சின்ன நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தாள். மாஸ்டருக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை.

“கேட்டுச்சே. முன்னாடி, இடது பக்கம்.”

அவள் எழுதிக்கொண்டாள்.

காலையில் பட்டறை திறந்ததுமே வந்து நின்றவள் அவள். தம்பியின் கார் என்றாள். கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு, திருகினால் உயரம் ஏறி இறங்குகிற பந்தயக் கார் ஸ்பிரிங் செட்டை அவன் மாட்டியிருக்கிறானாம். அதிலிருந்து ‘டொக்’கென்று மெல்லிசாய் ஒரு சத்தம் வருகிறதாம். அவன் வெளியூரிலிருந்து திரும்புவதற்குள் அதை ஒழித்துக்கட்ட வேண்டுமாம்.

மாஸ்டருக்குத் தொழில் வட்டாரத்தில் பாம்புக்காது என்று பெயர். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே எந்த ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அதெல்லாம் போன வருஷத்துக் கதை. ஏழெட்டு மாதமாக மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாய் அவரிடமிருந்து கழன்றுகொண்டிருந்தன. டீவியை அலற விடுகிறார் என்று வீட்டில் தினம் சண்டை. டாக்டரிடம் போகலாம் என்று மனைவி தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். நீ வார்த்தையை மென்று மென்று துப்பினால் அதற்கு டாக்டர் என்ன செய்வார் என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

உள்ளுக்குள் பயம்தான். இந்தப் பட்டறைக்கு வருகிறவர்கள் அவருடைய காதை நம்பி வருகிறவர்கள். அது போய்விட்டதென்று ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. கடைக்குப் பூட்டுதான்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவளை உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொன்னார். சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தார். காது கைவிட்ட நாளிலிருந்து அவருக்குக் கைதான் காது. ஸ்பிரிங் நழுவினாலும் துள்ளினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

தெரியவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். மேல் நட்டு இறுக்கம். உயரத்தைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு வளையம் கல் மாதிரி இருந்தது. கம்பி வைத்து நெம்பிப் பார்த்தும் எந்த மூட்டும் ஆடவில்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று கை சத்தியம் பண்ணியது.

முன்பெல்லாம் என்றால், தம்பியைப் போய் வேலையைப் பார்க்கச் சொல்லம்மா என்று சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். இன்று அவருடைய கையை அவரே நம்பவில்லை. அவளுக்குக் கேட்கிறது, தனக்குக் கேட்கவில்லை. அப்படியானால் கோளாறு தன்னிடம்தான். அந்த நினைப்பிலேயே ஸ்பானர் இரண்டு தடவை கைநழுவி விழுந்தது.

குனிந்து அதை எடுக்கும்போது கார்க் கதவின் பளபளப்பில் அவள் தெரிந்தாள். பின்னால் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. காலையிலிருந்தே இந்தப் பெண்ணுக்கு முதுகைப் பார்த்துப் பேசுகிற பழக்கம். திரும்பினால் வாயை மூடிக்கொள்வாள். என்ன கேட்டாளோ, அவர் குத்துமதிப்பாக “ஆமாம்மா” என்று வைத்தார். அவள் மறுபடி நோட்டைத் திறந்தாள்.

இனி நடிப்பைத் தவிர வழியில்லை. இறுகியிருந்த நட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்கினார். பூட்டு வளையத்துக்கும் அதே மரியாதை. ஷாக் அப்சார்பரின் தலையில் இருந்த குமிழை இரண்டு கிளிக் இறுக்கினார், அந்தக் கிளிக்கையும் விரலால்தான் எண்ணினார். மேல் நட்டு ஒரு மயிரிழை தளர்ந்திருந்தது, அதுதான் மேடுபள்ளத்தில் தட்டியிருக்கிறது என்று விஸ்தாரமாக ஒரு கதையும் சொன்னார். சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

மறுபடியும் அதே தெரு, அதே வேகத்தடைகள். சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தால் அவளுக்குக் கேட்கும், குட்டு உடைந்துவிடும். முதல் தடை தாண்டியதும் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது தடையைத் தாண்டியபோது மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாத்தீங்களா, சத்தம் சுத்தமா போச்சு. முன்னாடி எப்படி டொக்கு டொக்குனு அடிச்சுது!”

“முன்னாடி அது உங்களுக்கு நல்லாவே கேட்டுச்சா மாஸ்டர்?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. இருபது வருஷமா இதுதானே என் பொழப்பு.”

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். எஞ்சினை அணைக்கச் சொன்னாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக அவள் சொன்னது மாஸ்டருக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

“இந்தக் காருல சத்தமே இல்ல மாஸ்டர். உங்க வீட்டுல அனுப்பினாங்க, நான் காது டாக்டர்.”