ஆறாவது கியர்

கடலூர்ப் பட்டறையில் அன்று இருந்தவர்கள் லாரிக்காரர் கொளஞ்சியப்பன், அவருடைய மச்சான் செந்தமிழ்செல்வன், மெக்கானிக் தணிகாசலம் ஆகிய மூவர்தான். அது 2009 ஆவணி. பழைய லாரியின் ஐந்து கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஆறு கியர் பெட்டியை மாட்டினார்கள்.

"மெயின் ரோட்டுல டிராக்டர்கூட நம்மள முந்துது மாமா. வித்துடுங்க" என்று மச்சான் ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தான். காலமான அண்ணன் வாங்கிய வண்டியை விற்பது குடும்பத்துக்கு இழுக்கு என்பது கொளஞ்சியப்பனின் கட்சி. இந்தக் கியர் பெட்டியும் சரிவராவிட்டால் விற்றுவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

சிதம்பரம் போகும் சாலையில் ஆறாவது கியர் அவர் கைக்குச் சிக்கவே இல்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் மறுபடி கிளட்சை மிதித்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்போதே கியர் ராடு நகர்ந்து பதமாக விழுந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"மாமா, நீங்க போடல."

"தெரியுது. நான் ஓட்டப் பழகுறப்ப அண்ணன்தான் போட்டுக் குடுப்பாரு. நீ தள்ளி ஒக்காரு."

மச்சான் கதவோரம் நகர்ந்து இடம் விட்டான்.

அதற்குப் பிறகு இந்த மூன்று வருடமாக அந்த லாரி பின்தங்கியதே இல்லை. செத்தவர் வண்டி ஓட்டுகிறார் என்று அவருடைய ஊரான கீரப்பாளையத்தில் சிலர் பேசுகிறார்கள். அது தவறு. ஓட்டுவது கொளஞ்சியப்பன்தான். அண்ணன் கியர் மட்டும் போடுகிறார்.