கருப்புக் கறை

மாமரத்தடியில் போட்டிருந்த பலகைத் தளத்தின் கருப்புக் கறையைப் பாண்டிமீனா மறுபடியும் தேய்த்தாள். தோள்பட்டை விட்டுப்போனது.

“அடுத்த வாரமும் கறை இருந்துச்சுன்னா வேற ஆள் பாத்துக்குவேன்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா ஸ்ரீலட்சுமி உள்ளே போனாள்.

மருந்தடிக்க வந்த மலைச்சாமி ஓர் இலையைப் புரட்டிக் காட்டினார். “மாவுப்பூச்சி, தங்கச்சி. இது ஒழுகவிடுற இனிப்புத் தண்ணியிலதான் பூசணம் புடிச்சுக் கருக்குது.”

“எம்புட்டு மருந்தடிச்சும் பூச்சி போகலையேண்ணே?”

“அந்த இனிப்புக்காக எறும்புல்ல காவல் காக்குது! யாரோ தூருல தீனி போட்டு வளக்குறாய்ங்க போல, இம்புட்டு எறும்பு!”

பாண்டிமீனா முந்தானை முடிச்சைக் கையால் மறைத்துக்கொண்டாள். உள்ளே சர்க்கரை கலந்த பச்சரிசி மாவு இருந்தது.

சனிக்கிழமைதோறும் மரத்தடி எறும்புகளுக்குப் போட்டுவந்தால் இருக்கிற வேலை நிலைக்கும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார்.