பட்டறைக்கு ஒரு ஜன்னல்

"ஜன்னல் இன்னும் கொஞ்சம் பெருசா இரிக்கட்டும் பாஸ்" என்றாள் ஸுஹைறா.

மேசன் நல்லரெத்தினம் சுவரில் தான் பென்சிலால் போட்ட கோட்டைப் பார்த்தார். பிறகு அவள் புருஷன் கலந்தரைப் பார்த்தார்.

"போட் எஞ்சின் திருத்துற இடத்துக்கு இவ்வளவு பெரிய ஜன்னல் என்னத்துக்கு புள்ள? எஞ்சின் எட்டிப் பாக்கவா போகுது?" என்றார் கலந்தர்.

"எஞ்சின் பாக்காது. நீங்க மூச்சு விடுவீங்கதானே."

நல்லரெத்தினம் சிரித்துக்கொண்டே கோட்டை அழித்துப் பெரிதாகப் போட்டார்.

வேனை விற்றதிலிருந்து வீட்டு வளவின் மூலையில் சும்மா கிடந்த கராஜ் அது. கலந்தர் இத்தனை காலமும் கல்முனைக்குடிக் கடற்கரையில், மணலில் குந்தியிருந்துதான் எஞ்சின் கழற்றினார். ஒரு நட்டு கைதவறினால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போய்விடும்.

அவர் ஆசைப்பட்டது ஒரு கூரை. சுவர் முழுக்க ஒரு பெஞ்ச். நின்றபடி வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கராஜைக் கேட்கும்போதெல்லாம் ஸுஹைறா ஒரே பதிலைத்தான் சொல்வாள். மண்ணெண்ணெய் மணம் எனக்கு ஒத்துவராது, அதை வளவுக்குள் கொண்டுவர வேண்டாம்.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, கராஜை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவளே சொன்னாள்.

"அவவாச் சொன்னா பாஸ், நான் வாயே திறக்கல்ல" என்று கலந்தர் மேசனிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

அதோடு அவள் நிற்கவில்லை. தகரம் வெயிலுக்குக் கொதிக்கும், கீழே சீலிங் அடியுங்கள் என்றாள். மூலையில் தாழ்வாக ஒரு தண்ணீர்ப் பைப் வைக்கச் சொன்னாள், ஒயில் கை கழுவ.

தரைக்கு டைல்ஸ் என்றபோது நல்லரெத்தினத்துக்கே பொறுக்கவில்லை.

"எஞ்சினுக்கு டைல்ஸ் போடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் ராத்தா."

"ஒயில் சிந்தினாத் துடைக்க லேசு."

எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது.

வீட்டுப் பக்கமிருந்து புதுப் பெயின்ற் மணம் வந்தது. அடுத்த மாதம் மகள் அஸ்னாவுக்கு நிக்காஹ்.

நல்லரெத்தினம் அளவு நாடாவை இழுத்து, கலந்தரைக் கண்ணால் காட்டினார்.

"அப்ப பெஞ்ச்? காக்கா சொன்ன மாதிரி சுவர் முழுக்கத்தானே?"

ஸுஹைறா கலந்தருக்குக் கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். இதற்கும் ஒரு பதில் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. மனுசன் ஒரு காலமும் இவ்வளவு சந்தோசமாக எழும்பியதில்லை. அந்தப் பெஞ்சைக் குறைக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கலந்தர் மேசனின் கையிலிருந்து நாடாவை வாங்கினார். சுவரோரமாக நடந்து, நடுவில் நின்றார்.

"அரைவாசி போதும் பாஸ்."

"அரைவாசியா? ரெண்டு எஞ்சின் வைக்க ஏலாதே காக்கா."

"ஒண்டு ஒண்டாப் பாப்பம்."

"அப்ப மிச்ச இடம்?"

கலந்தர் பென்சிலை வாங்கி, புதிய ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு கோடு போட்டார்.

"இதில கட்டில் வரும்."

நல்லரெத்தினத்துக்கு விளங்கிவிட்டது. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். மகளைக் கட்டிக்கொடுத்தால் வீடு மகளுக்கு. பெற்றவர்கள் வளவுக்குள் வேறோர் இடம் பார்த்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று வீடு மகளுக்கு என்று சொன்னது கலந்தர்தான். அப்படியென்றால் நாங்கள் எங்கே என்று அவரும் சொல்லவில்லை, ஸுஹைறாவும் கேட்கவில்லை.

அவள் கோப்பையை நீட்டினாள். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. கலந்தர் வாங்கிக் குடித்தார்.

பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க பாஸ். அவவுக்கு மண்ணெண்ணெய் மணம் ஒத்துவராது."